விழுந்த விமானத்தை யார் எண்ணுவது?

விமானப்படையில் என் வேலை பறப்பது அல்ல, பதிவேடு. தாம்பரத்தில் பயிற்சி முடிந்து வடக்கே ஒரு போர்விமானத் தளத்துக்குப் போனதும் டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு புத்தகம் உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகம் மாறியது, எந்தப் பழுதை யார் சரிசெய்து கையெழுத்துப் போட்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். விமானம் விழுந்துவிட்டாலோ இனிமேல் தேறாது என்றாலோ ‘கேட் ஈ’ என்று போட்டுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அதற்கு விசாரணை அறிக்கை, அதிகாரிகளின் ஒப்புதல், வால் எண், எஞ்சின் எண் எல்லாம் வேண்டும். அந்தப் புத்தகங்களோடு பழகிய பிறகு, போர்க்காலச் செய்திகளில் வரும் “எதிரி விமானங்கள் இத்தனை வீழ்த்தப்பட்டன” என்ற வரியை என்னால் அப்படியே ஏற்க முடிந்ததில்லை.

எங்கள் பிரிவில் இருந்த வாரண்ட் ஆபீசர் மதுரைப் பக்கத்துக்காரர். போர் வரலாறு நிறையப் படிப்பவர். அவர் ஒருநாள் சொன்னார்: “தம்பி, சுட்டவன் சொல்றதைக் கேட்டுக்கோ. ஆனா, இழந்தவனோட ஸ்டோர் கணக்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணு.” 1940ஆம் ஆண்டு பிரிட்டன் மீது ஜெர்மன் விமானப்படை தாக்குதல் நடத்திய வான்போரைப் படித்தபோதுதான் அதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கியது.

அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்கள் கைக்கு வந்தபின் பார்த்தால், அன்று உண்மையில் விழுந்தவை 60ஐ ஒட்டித்தான். அந்த வான்போர் முழுவதற்கும் பிரிட்டன் தரப்பு சொன்னது 2,698. ஜெர்மானியர் இழந்தது 1,733. ஜெர்மானியர் இன்னும் அதிகமாக மிகைப்படுத்தினார்கள். 3,058 விமானங்களை வீழ்த்தியதாக அவர்கள் சொல்ல, பிரிட்டன் இழந்த போர்விமானங்கள் 915.

விமானிகள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மூன்று நொடி சுட்டுவிட்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்று உடனே திரும்பிப் பார்த்தாக வேண்டிய மனிதர்கள் அவர்கள். ஒரே குண்டுவீச்சு விமானத்தை நாலு பேர் அடுத்தடுத்துச் சுடுவார்கள். நாலு பேரும் அது விழுவதைப் பார்ப்பார்கள், நாலு பேரும் தளத்துக்கு வந்து தன் கணக்கில் எழுதுவார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மன் போர்விமானத்தின் விமானி தப்பிப்பதற்காக எஞ்சினை முழு வேகத்தில் திறந்து கீழே பாய்ந்தால் கரும்புகை வரும். மேலே இருப்பவருக்கு அது தீப்பிடித்து விழுவதாகவே தெரியும். மேகத்துக்குள் போனது வீடு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க யாருக்கு நேரம்?

உண்மை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெர்மன் விமானப்படையின் தளவாடப் பிரிவு வைத்திருந்த இழப்புக் கணக்கிலிருந்து. மாற்று விமானம் வேண்டுமென்றால் எது போனது என்று சரியாக எழுதித்தான் ஆக வேண்டும். சேதத்தை அவர்கள் சதவீதத்தில் எழுதினார்கள். 60க்கு மேல் போனால் அந்த விமானத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட வேண்டியதுதான். அந்தக் காலத்தில் அங்கே யாரோ ஒருவர் என்னைப் போலவே ஒரு மேசையில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

தவறான கணக்கு ஆளையும் கொல்லும். பிரிட்டனிடம் போர்விமானங்கள் தீர்ந்துபோகும் தறுவாயில் இருக்கின்றன என்று ஜெர்மன் உளவுப்பிரிவு தன் விமானிகள் சொன்ன எண்ணை வைத்தே முடிவு கட்டியது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகளோ மாதம் 400க்கு மேல் கட்டிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 15 அன்று லண்டன் வானில் கூட்டம் கூட்டமாக எதிர்ப்பட்ட விமானங்களைப் பார்த்து ஜெர்மன் விமானிகள் திகைத்துப்போனதற்கு அதுவே காரணம்.

கொரியப் போரிலும் இதே கதை. சோவியத் தயாரிப்பான மிக்-15 விமானங்கள் 792ஐ வீழ்த்தி, தன் சேபர் போர்விமானங்களில் 78ஐ மட்டுமே இழந்ததாக அமெரிக்கா சொன்னது. பத்துக்கு ஒன்று என்ற விகிதம் அதிலிருந்து வந்தது. சோவியத் ஆவணங்கள் திறந்தபின் அந்த விகிதம் தேய்ந்துவிட்டது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1965 போரில் 73 பாகிஸ்தான் விமானங்களை வீழ்த்தியதாக இந்தியா சொன்னது. பாகிஸ்தான் ஒப்புக்கொண்டது 19. இந்திய விமானங்கள் 104ஐ வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் சொன்னது. நம் பாதுகாப்பு அமைச்சகம் தயாரித்த போர் வரலாறு நாம் இழந்தது 59 என்கிறது. அந்த 59இலும் கணிசமானவை தரையில் நின்றபோதே போனவை. செப்டம்பர் 6 அன்று பதான்கோட்டிலும் மறுநாள் கலைகுண்டாவிலும் நடந்தது அதுதான். தரையில் எரிந்ததையும் வானில் சண்டையிட்டு விழுந்ததையும் ஒரே எண்ணில் போட்டு “யார் விமானி திறமைசாலி” என்று வாதிடுவது அந்த விமானிகளுக்கே அநியாயம்.

கணக்கு விடுபட்டுப்போவதும் உண்டு. ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா அதே போரில் செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்க மிஸ்டேர் என்ற போர்விமானத்தில் போனார், திரும்பவில்லை. என்ன ஆனார் என்று நம் பதிவேட்டில் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, பாகிஸ்தான் தரப்புத் தகவல்களை வைத்து ஒரு பிரிட்டிஷ்காரர் எழுதியபோதுதான் தெரிந்தது: வேகத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கான ஸ்டார்ஃபைட்டர் என்ற பாகிஸ்தான் போர்விமானம் ஒன்றை அந்தப் பழைய மிஸ்டேரில் இருந்துகொண்டே தேவய்யா வீழ்த்தியிருக்கிறார். 1988இல் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். எதிரியின் இழப்புக் கணக்கு நம் வீரருக்குச் சாட்சியாக வந்தது. சண்டையில் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து!

அதனால்தான் சொல்கிறேன், இரண்டு நாடுகளும் 1965, 1971 போர்களில் போன ஒவ்வொரு விமானத்தின் வால் எண்ணையும் தேதியையும் காரணத்தையும் முழுமையாக வெளியிட வேண்டும். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதில் மறைக்க ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. இன்னொரு தேவய்யா அந்தப் பக்கத்துப் பதிவேட்டில் இருக்கலாம், அவர்களுடைய ஆள் ஒருவர் நம்முடையதில் இருக்கலாம்.