கால்டுவெல்லும் சபை மாறியவர்தான்

மெரினாவில் சிலையாக நிற்கிற கால்டுவெல், ஜி.யு. போப் இரண்டு பேருமே சபை மாறிய குருமார்கள். தமிழுக்குச் செய்ததைப் பேசுகிறவர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை. கால்டுவெல் 1838இல் சென்னையில் வந்து இறங்கியபோது லண்டன் மிஷன்காரர், பேராயர் என்ற பதவியே தேவையில்லை என்கிற வழியில் வந்தவர். மூன்று வருஷத்தில் மனசு மாறி, 1841இல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துச் சபை) பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு, அந்தச் சபையின் எஸ்.பி.ஜி. என்கிற மிஷன் சங்கத்து மிஷனரியாக இடையன்குடிக்குப் போய்விட்டார். போப் 1839இல் வெஸ்லியன் மெத்தடிஸ்டாக வந்தார், 1843இல் அவருக்கும் ஆங்கிலிக்கன் பட்டம், ஊழியம் சாயர்புரத்தில்.

சாதாரண விசுவாசி சபை மாறுவது பெரிய விஷயமே இல்லை. பெரிய சபைகளுக்குள்ளே ஒருவர் ஞானஸ்நானத்தை இன்னொருவர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். குருவானவர் மாறினால்தான் சிக்கல். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது இந்தப் பேச்சு அடிக்கடி வரும்: நம்ம ஐயர் (சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைப் போதகர்) ஆர்.சி.க்கு, அதாவது கத்தோலிக்கத்துக்குப் போனால் நேராக ஃபாதர் ஆகிவிடுவாரா? ஃபாதர் சி.எஸ்.ஐ.க்கு வந்தால் மறுபடி படிக்கணுமா? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், யாருக்கும் சரியாகத் தெரியாது. உண்மையில் எல்லாச் சபையும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். உன் தலையில் கை வைத்தது யார்? அப்போஸ்தலர்கள் தொடங்கி வழிவழியாக வந்த பேராயர் ஒருவர் கை வைத்தால்தான் அது பட்டம் என்று நம்புகிற சபைகள் ஒரு பக்கம். சபையும் மூப்பர்களும் சேர்ந்து ஜெபித்துக் கை வைத்தாலே போதும் என்கிற சபைகள் இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் போகிறவர் தான் இத்தனை நாள் கொடுத்த திருவிருந்து என்னவாயிற்று என்ற கேள்வியோடுதான் போக வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்ம ஊரில் ஒரு காலத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த ஸ்வார்ட்ஸ் லுத்தரன். அப்புறம் ஆங்கிலிக்கன்காரர்களின் எஸ்.பி.சி.கே. சங்கத்துக்காகத் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்தார், ஆங்கிலேயப் பட்டாளத்துக்கே குருவாக இருந்தார், யாரும் மறுபடி கை வைக்கச் சொல்லவில்லை. 1790இல் சத்தியநாதன் என்கிற தமிழருக்கு லுத்தரன் முறையிலேயே பட்டம் கொடுத்தார்கள், அவரும் அதே ஆங்கிலிக்கன் சங்கத்து ஊழியர்தான். பேராயர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள், இங்கே ஆள் பற்றாக்குறை, அவ்வளவுதான் விஷயம். 1814இல் கல்கத்தாவுக்குப் பேராயர் வந்து சேர்ந்த பிறகுதான் பிடி இறுகியது. திருநெல்வேலியில் ரேனியஸ் மாட்டிக்கொண்டது அதில்தான். அவர் லுத்தரன், வேலை பார்த்தது சி.எம்.எஸ். என்கிற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தில். தன்னிடம் தயாரான தமிழ் உபதேசியார்களுக்குத் தானே பட்டம் கொடுக்க ஆசைப்பட்டார். சங்கமோ ஆங்கிலிக்கன் பேராயர்தான் கொடுக்கணும் என்றது. அவரும் விடவில்லை, ஆங்கிலிக்கன் சபையை விமர்சித்து எழுதியும் வைத்தார், 1835இல் உறவு முறிந்தது, சபைகள் இரண்டு பட்டன. 1838இல் அவர் பாளையங்கோட்டையில் இறந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. அதே வருஷம்தான் கால்டுவெல் கப்பலை விட்டு இறங்கியது.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்து மிகத் துணிச்சலான முயற்சி 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் நடந்தது. அன்றைக்குத்தான் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே காங்கிரிகேஷனல்காரர்களும் பிரஸ்பிட்டீரியன்களும் சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாகி சி.எஸ்.ஐ. பிறந்தது. யாருக்கும் மறுபட்டம் கிடையாது என்று முடிவு செய்தார்கள். பழைய குருமார் எல்லோரும் இருந்தபடியே புதிய சபையின் குருமார், இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்கு மட்டும் பேராயர் கை வைப்பார், முப்பது வருஷம் போகட்டும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மனசாட்சிக்கு ஒவ்வாத குருவை எந்தச் சபை மேலும் திணிக்க மாட்டோம் என்று வாக்குறுதியும் கொடுத்தார்கள். வயதானவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, பிரச்சினை தானாகவே கரைந்துவிடும் என்பதுதான் கணக்கு. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். யாரையும் பார்த்து நீ இவ்வளவு நாள் குருவே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டீரியன். அன்றைக்கே, 37 வயதில், மதுரை ராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்றார். இன்னொரு கூத்தும் உண்டு. 1974இல் இங்கிலாந்து திரும்பிய பிறகு அவர் சேர்ந்தது பேராயர்களே இல்லாத யுனைட்டெட் ரிஃபார்ம்ட் சபையில், பர்மிங்ஹாமில் ஒரு சின்னச் சபைக்குப் போதகரானார்.

இங்கிலாந்தில் இந்த இணைப்புக்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. கவிஞர் டி.எஸ். எலியட் 1943லேயே இந்தத் திட்டத்தை எதிர்த்துச் சிறு புத்தகமே போட்டார் (அவரே திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் குடும்பத்தில் பிறந்து 1927இல் ஆங்கிலிக்கன் ஆனவர், அது வேறு கதை). ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் சேராமல் ஒதுங்கி நின்றார்கள். பேராயர் கையால் பட்டம் பெற்ற சி.எஸ்.ஐ. குருமாரை இங்கிலாந்துச் சபை அங்கீகரிக்கவே 1955 ஆயிற்று, மற்றவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. தென்னிந்தியாவில் நடந்ததைக் காரணம் காட்டி அங்கே சில குருமார் கோபத்தில் ரோமுக்கே போய்விட்டார்கள். சேருவதற்காகச் செய்த காரியம் இன்னொரு இடத்தில் பிரித்துவிட்டது.

ரோமுக்குப் போனவர்களுக்கு என்ன ஆகும்? 1896இல் போப் பதின்மூன்றாம் லியோ ஆங்கிலிக்கன் பட்டங்கள் முழுக்கவே செல்லாது என்று அறிவித்துவிட்டார், இன்றைக்கும் அதுதான் நிலைமை. அதனால் ஆங்கிலிக்கன் குரு கத்தோலிக்கரானால் முதலில் வெறும் விசுவாசி, அப்புறம் திருத்தொண்டர், அப்புறம்தான் குரு. 2011இல் நடந்ததைப் பாருங்கள். கீத் நியூட்டன், ஜான் பிராட்ஹர்ஸ்ட், ஆண்ட்ரூ பர்ன்ஹாம் மூன்று பேரும் ஆங்கிலிக்கன் பேராயர்கள். 2010 டிசம்பர் கடைசியோடு பதவி முடிந்தது. ஜனவரி 1ஆம் தேதி சாதாரண ஆட்களாகக் கத்தோலிக்க சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள், 13ஆம் தேதி திருத்தொண்டர் பட்டம், 15ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரலில் குருப்பட்டம். இரண்டு வாரத்தில் பேராயரிலிருந்து கீழே இறங்கி மறுபடி பாதி ஏறியாயிற்று. பாதிதான், ஏனென்றால் நியூட்டனுக்கு மனைவி உண்டு. கல்யாணமானவர் கத்தோலிக்க ஆயராக (பேராயருக்கு அவர்கள் சொல்லும் பெயர்) முடியாது. இப்படி வந்த ஆங்கிலிக்கன்களுக்கென்று அமைத்த தனிப்பிரிவுக்கு அவரையே தலைவராக்கினார்கள், ஆயர் பட்டம் மட்டும் இல்லை. கல்யாணமானவரைக் குருவாக்கவே போப்பின் சிறப்பு அனுமதி வேண்டும். கல்யாணமாகாமல் வருகிறவர் அப்படியே இருக்க வேண்டியதுதான்.

லண்டன் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த கிரஹாம் லெனார்ட் 1994இல் போனபோது ரோமுக்கே ஒரு சந்தேகம் வந்தது. அவருக்குப் பட்டம் வந்த வழியில் ரோமிலிருந்து பிரிந்துபோன ‘பழைய கத்தோலிக்கர்’ (Old Catholic) என்கிற சபையின் பேராயர் ஒருவரின் கையும் சேர்ந்திருந்தது, ரோமின் கணக்கில் அந்தக் கை செல்லும். அதனால் முந்தைய பட்டம் செல்லாமல் இருந்தால் இது செல்லட்டும் என்கிற மாதிரி நிபந்தனையோடு பட்டம் கொடுத்தார்கள். இவ்வளவு நுணுக்கமாகப் பரம்பரை பார்ப்பது நம்ம ஊரில் வரன் பார்க்கும்போதுதான் நடக்கும்.

ஆர்த்தடாக்ஸ் போன்ற கிழக்குச் சபைகளின் பட்டத்தை ரோம் ஏற்றுக்கொள்கிறது, அதனால் அவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. 1930இல் கேரளத்து ஆர்த்தடாக்ஸ் பேராயர் மார் இவானியோஸ் கத்தோலிக்கத்துக்கு வந்தபோது அவர் பட்டம் செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை, ஆயராகவே வந்தார், ஆயராகவே இருந்தார். அன்று தொடங்கிய சீரோ மலங்கரா சபைக்கு இன்றைக்கு மார்த்தாண்டத்தில் தனி மறைமாவட்டமே இருக்கிறது.

எதிர்த் திசையில் பாதை சுலபம். கத்தோலிக்க ஃபாதர் ஆங்கிலிக்கன் சபைக்குப் போனால் மறுபட்டம் இல்லை, விசாரித்து, சில நாள் பார்த்து, பேராயர் உரிமம் கொடுத்தால் போதும். கத்தோலிக்கத்தின் கண்ணிலும் அவர் சாகும்வரை குருதான், குருவாக ஊழியம் செய்யத்தான் அனுமதி இல்லை.

மேடையில் பேசாத விஷயம் வீடும் சம்பளமும். ஐயர் குடியிருப்பது சபை கொடுத்த வீட்டில். ராஜினாமா கொடுத்த அன்றே அந்த வீட்டைக் காலி செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம், மனைவி இத்தனை வருஷம் நடத்திய பெண்கள் ஐக்கியம், எல்லாம் ஒரே நாளில் போகும். இறையியல் சர்ச்சையைவிட இதுதான் பல பேரைத் தடுத்து நிறுத்துகிறது என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்துச் சபை இதைப் புரிந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் குருப்பட்டம் என்று 1992இல் முடிவானபோது, ஒத்துக்கொள்ள முடியாமல் விலகுகிறவர்களுக்குப் பண உதவி செய்ய 1993இல் தனிச் சட்டமே போட்டார்கள். நூற்றுக்கணக்கில் போனார்கள். அதில் சிலர் சில வருஷம் கழித்துத் திரும்பியும் வந்தார்கள், அவர்களுக்கு மறுபடி யாரும் கை வைக்கவில்லை.