பழத்துக்குக் கோபித்தவன் மலைக்குப் பிள்ளைகளோடு

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போகிற குடும்பம் எதுவும் சண்டை போடாமல் மலையேறியதில்லை. ஜன்னலோரம் யார், அப்பா தோளில் யார், முதல் மொட்டை யாருக்கு என்று வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிடும். "சாமி கும்பிடப் போற நேரத்துல சண்டையா?" என்று அதட்ட வேண்டாம். மலைமேல் நிற்பவனே ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்த பிள்ளைதான். பழம் ஒன்று, பிள்ளைகள் இருவர், வெட்டிக் கொடுக்கவும் கூடாது. அகில உலகத்துக்கும் அம்மையப்பனாக இருந்தவர்களுக்கே அன்று சமாதானம் செய்ய முடியவில்லை. "பழம் நீயப்பா" என்று அவ்வை வந்து சொல்ல வேண்டியிருந்தது. நம் வீட்டுச் சண்டை அவனுக்குப் புதிதா என்ன? தாராளமாகச் சண்டையோடே போகலாம். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் செல்போன். 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. கீழேயே ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். போன் கையில் இல்லாதபோதுதான் தெரியும், பாதிப் பேருக்குத் தன் மனைவியின் நம்பர் மனப்பாடம் இல்லை என்று. அதனால் ஏறுவதற்கு முன்பே, தவறிப்போனால் சந்திக்கிற இடம் ஒன்றைச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். "கோயில் வாசல்ல" என்று பொதுவாகச் சொன்னால் அப்பா ஒரு வாசலில் நிற்பார், அம்மா இன்னொரு வாசலில் நிற்பார்கள், இருவரும் ஒரு மணி நேரம் நின்று, பிறகு "நான் அங்கேதான் நின்னேன்" என்பதே ஊர் திரும்பும் வரைக்கும் பேச்சாகிவிடும். "போகர் சமாதி முன்னால" என்று சொன்னால் குழப்பமே வராது. நவபாஷாணம் என்கிற ஒன்பது பாஷாணச் சரக்குகளைச் சேர்த்து மூலவர் சிலையைச் செய்ததாகச் சொல்லப்படும் சித்தர் அவர், பிரகாரத்தில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். போன் சீட்டு யாரிடம் இருக்கிறது என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் சட்டைப் பையில் வைத்த சீட்டு, மொட்டைக்குச் சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் திணித்ததோடு காணாமல் போகும்.

அடிவாரத்தில் இறங்கியதும் தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "சார், க்யூ இல்லாம நேரா சந்நிதி" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூடவே வருவார்கள். குழந்தையும் பையுமாக வருகிற குடும்பத்தைத்தான் குறிவைப்பார்கள். களைப்பில் தலையாட்டிவிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். முருகனைப் பார்க்க வந்த இடத்தில் இப்படி மறிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும். பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். "வேண்டாம்" என்று நின்று சொன்னால்கூட அதையே பேச்சுக்கு ஆரம்பமாக எடுத்துக்கொள்வார்கள். கோயில் கவுண்டரில் வாங்குவதுதான் சீட்டு.

முடிக்காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதலே அப்படித்தான். சீட்டு வாங்கிக்கொண்டு கொட்டகையில் உட்கார வேண்டியதுதான். இங்கேதான் குடும்பத்தின் நிஜமான நாடகம் நடக்கும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து மொட்டை போடுவதாக வேண்டுதல் என்றால், அப்பா எங்கேயோ தனியாகப் போய் முடித்துவிட்டுச் சந்தனத்தோடு வந்து நிற்கக் கூடாது. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு அடையாளமே தெரியாது. வீல் என்று கத்தி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், அரை நாள் அப்பாவிடம் போகாது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா முதலில் உட்கார வேண்டும். பாதித் தலை மழித்த நிலையில் ஒருமுறை திரும்பிச் சிரிக்க வேண்டும். அப்போது பிள்ளையும் சிரித்துவிடும், பயம் பாதி போய்விடும்.

பிள்ளையின் முறை வரும்போது சட்டையைக் கழற்றிவிடுங்கள். கழுத்தோடு ஒட்டுகிற பொடி முடி துணிக்குள் இறங்கினால் அன்றைக்கு முழுக்க அரிக்கும், சந்நிதியில் நெளிந்துகொண்டே இருக்கும். தலையை நன்றாக நனைக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடமாவது தண்ணீர் விட்டு விரலால் தேய்த்து ஊறவிட்டால் முடி மெத்தென்று இறங்கும். அவசரத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து மழித்தால்தான் இழுக்கும், பிள்ளை வீறிடும், தலை திரும்பும், கீறும். கண்ணெதிரே புதுப் பிளேடு மாற்றச் சொல்லுங்கள். தயங்க வேண்டியதில்லை. ஒருவர் மடியில் வைத்து இரண்டு கைகளையும் அணைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் இரு உள்ளங்கையாலும் தாடையோடு சேர்த்துத் தலையைப் பிடிக்க வேண்டும். எதிரே நின்று வேடிக்கை காட்ட மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும், தாத்தாவோ மாமாவோ. வெட்டுப்படுகிற இடம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று காது மடலின் பின்பக்கம், மற்றொன்று உச்சியில் சுழி இருக்கிற இடம். சுழியில் முடி திசை மாறும், கத்தியும் திசை மாற வேண்டும். உச்சிக்குழி இன்னும் மூடாத கைக்குழந்தை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே அழுத்தாமல் எடுப்பார்கள்.

சுழி கண்ணில் பட்டதும் பாட்டி வாயைத் திறப்பார்கள்: "ஆத்தாடி, ரெட்டைச் சுழி! ரெண்டு பொண்டாட்டிடா உனக்கு!" பெற்றவளின் முகம் அந்த நிமிடமே மாறும். "அத்தே, வள்ளி தெய்வானை கட்டினவன் ஊர்ல நின்னு இதைச் சொல்லாதீங்க, பலிச்சுடப் போகுது" என்பாள். கொட்டகையே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள்ளேயே மொட்டை முடிந்திருக்கும்.

மழித்ததும் சந்தனத்தை அப்பிவிட வேண்டாம். முதலில் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, துடைத்த பிறகு மெல்லிசாகப் பூசினால் போதும். கெட்டியாகப் பூசினால் வெயிலில் காய்ந்து பொருக்காக உதிர்ந்து கண்ணில் விழும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஞ்சள் துணியும் சந்தன மொட்டையுமாக அங்கே ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தடி நடந்த அப்பாக்கள் உண்டு. மணிக்கட்டில் சிவப்போ பச்சையோ ஒரு கயிறு கட்டிவிட்டால் நிம்மதி.

அடிவாரக் கோயிலான திருஆவினன்குடியில் மயில்மேல் குழந்தையாக இருப்பவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மலைக்கு. எப்படி ஏறுவது என்பது அடுத்த சண்டை. அம்மாவுக்குப் படியேறுவதாக வேண்டுதல், அப்பாவுக்கு முழங்கால், பிள்ளைகளுக்கு ரோப் கார். மலையைச் சுற்றி வருகிற கிரிவீதியில், மேற்கே தண்டவாளத்தில் இழுத்து ஏற்றுகிற வின்ச், தெற்கே ரோப் கார். ரோப் காரில் ஒரு பெட்டிக்கு நான்கு பேர், ஐந்தாவது ஆள் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். அது யார் என்று வரிசையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏறும் இடத்தில் நின்று யோசிக்க நேரம் தர மாட்டார்கள். பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள், பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். அதை மட்டுமே நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நடக்கிறவர்களுக்கு யானைப்பாதை சுகம். படி குறைவு, பெரும்பாலும் சாய்வுப் பாதைதான், தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு மூச்சு வாங்காது. வெயிலேறிய பிறகு வெறுங்காலோடு கல்லில் பிள்ளையை நடக்கவிடாதீர்கள்.

படிகள் 693 என்று கணக்கு. பெரிய பிள்ளை எண்ணிக்கொண்டே வரும். பாத விநாயகரிடம் ஒன்று என்று ஆரம்பித்து மண்டபத்துக்கு மண்டபம் இளைப்பாறும்போது விட்டுப்போகும். மேலே போனதும் அப்பா ஒரு எண், பிள்ளை ஒரு எண் சொல்வார்கள். இரண்டும் தப்பாகத்தான் இருக்கும்.

வழியில் இடும்பன் சந்நிதி. அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். இரண்டு மலைகளைக் காவடியாகத் தூக்கி வந்தவன் அவன். முருகனோடு சண்டையிட்டு மாண்டவனை மீட்டுக் கொடுத்தது இடும்பியின் கண்ணீர், அவன் மனைவி அழுது கேட்டதால்தான் எழுந்தான். ஒரு தோளில் பிள்ளை, மறு தோளில் பால் பாட்டிலும் மாற்றுத் துணியும் பிதுங்குகிற பை என்று வியர்த்துப்போய் நிற்கிற அப்பாவைப் பார்த்து, அதுவரை வின்ச்சுக்காகச் சண்டை போட்ட மனைவி அந்த இடத்தில் தன் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைப்பாள். "பையைக் கொடுங்க" என்பாள். "இருக்கட்டும் விடு" என்பார் அவர்.

வரிசையில் நிற்கும்போது, தரிசனத்துக்குப் பத்தே அடி இருக்கும்போதுதான் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வரும். அதற்கு மருந்து கிடையாது, வரிசைக்குள் நுழைவதற்கு முன்பு எல்லாரையும் ஒருமுறை கட்டாயமாக அனுப்புவதுதான் வழி. "எனக்கு வரலை" என்கிற பிள்ளைக்குத்தான் முதலில் வரும்.

சந்நிதியில் கிடைப்பது சில நொடிகள். "நகருங்க, நகருங்க" என்ற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே பெற்றவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்றுதான். இருவரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு "சாமி பாரு, அங்க பாரு, சாமி பாரு" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிடுவார்கள். பிள்ளையோ முன்னால் நிற்பவரின் மொட்டையில் காய்கிற சந்தனத்தைப் பார்த்திருக்கும், இல்லையென்றால் மணியை. வெளியே வந்த பிறகு அம்மா கேட்பாள், "ஏங்க, நீங்க பார்த்தீங்களா?" "நீ அழுததைத்தான் பார்த்தேன்" என்பார் அவர். மூன்று மாதமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த வேண்டுதல் பட்டியலில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் வேண்டுதல்களை எல்லாம் வரிசையிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். கேட்கிறவன் அங்கேயும் கேட்பான். சந்நிதிக்கு நேரே வருவதற்கு முன்பே உயரமானவர் பிள்ளையை முன்பக்கம் பார்த்தபடி மார்போடு தூக்கிக்கொள்ள வேண்டும். விரலால் காட்டாமல், பிள்ளையின் முகத்தை உங்கள் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கிற திசையைத்தான் அது பார்க்கும். பிறகு தீபாராதனை வெளிச்சம் அந்த நவபாஷாணத் திருமுகத்தில் ஏறும்போது எல்லாரும் நேரே பாருங்கள். அந்தச் சில நொடிக்கு மட்டும் பிள்ளையை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

காலையில் ஆண்டிக் கோலத்தில் கிடைத்தால் அதைவிடப் பாக்கியம் இல்லை. கோவணமும் கைத்தண்டும் மட்டும். கீழே பட்டுச் சட்டையைப் போட மாட்டேன் என்று அரை மணி நேரம் உருண்டு புரண்ட பிள்ளை, அவ்வளவு கூட்டத்திலும் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொல்லும்: "அம்மா, சாமி சட்டை போடலை!" பக்கத்தில் நிற்கிற அத்தனை பேரும் "முருகா" என்பார்கள். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும், கை கூப்பக்கூட வராது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிற்கிற அப்பன் முன்னால், ஒரு சட்டைக்காகக் கத்தியதை நினைத்துத் தொண்டை அடைக்கும். இந்தக் குடும்பம், இந்தப் பிள்ளை, கூடவே வியர்த்துப்போய் நிற்கிற இந்த மனிதர், இதற்கு மேல் என்ன கேட்க? முருகா, முருகா என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. சாயங்காலம் ராஜ அலங்காரத்தில் மறுபடி கும்பிட்டால் பிள்ளை "இது வேற சாமியா?" என்று கேட்கும். "அதே சாமிதான், சட்டை போட்டுக்கிட்டார், நீயும் போட்டுக்கோ" என்றால் மறு பேச்சில்லாமல் கையை நீட்டும்.

பஞ்சாமிர்தம் வாங்காமல் இறங்குவது எப்படி? 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிரசாதம். மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் சேர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாது, அதனால்தான் கெடாமல் இருக்கிறது. வீட்டில் ஈரக் கரண்டி போட்டால் நுரைத்துப் புளிக்கும், உலர்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும். டப்பாவைத் துணிப் பையில் சாய்த்து வைக்காதீர்கள், நெய் கசிந்து பட்டுப்புடவையில் இறங்கினால் அதோடு அடுத்த சண்டை ஆரம்பம். வெட்டிக் கொடுக்க முடியாத ஒரு பழத்துக்காக வந்தவன், இன்று பழத்தைக் குழைத்துக் கொடுக்கிறான். உள்ளங்கைக்கு ஒரு கரண்டி என்று யாருக்கும் குறையாமல் வரும். "அவனுக்கு அதிகம்" என்று சின்னது கையை நீட்டிக் காட்டும், இன்னும் அரைக் கரண்டி வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

வின்ச்சில் இறங்கும்போது பிள்ளைகள் தூங்கிவிடும். அப்பாவின் தோளில் சந்தன மொட்டை சாய்ந்திருக்கும், வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஒரு வட்டம் பதிந்திருக்கும். போனை வாங்கிக்கொண்டு கிரிவீதியில் நிற்கும்போது அம்மா மெதுவாகச் சொல்வாள், "மூணு மொட்டைன்னு வேண்டியிருக்கேங்க. இன்னும் ரெண்டு பாக்கி." தோளில் தூங்குகிற தலையை இன்னொரு கையால் அணைத்துக்கொண்டு அவர் மலையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.