26-ஆல் வகுப்பதா, 30-ஆல் வகுப்பதா

குழந்தையைப் பார்த்துக்கொண்ட அக்காவைப் போன வாரம் வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். பதினாலு மாதம் இருந்தார். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வேளச்சேரிக்கு வர வேண்டும், அதனால் தாமதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சொல்லாமல் லீவு போடுவதுதான் பிரச்சினை. காலை எட்டரைக்கு போன் சுவிட்ச் ஆஃப், எனக்கு ஒன்பதரைக்கு மீட்டிங். மறுநாள் வந்து "சார்ஜ் இல்லம்மா" என்பார்.

அன்றைக்கு நாலு மணிக்கே வீடு திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. குழந்தை எங்கே என்று பார்த்தால், கீழே இஸ்திரி வண்டியில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். கரிப்பெட்டி ஒரு முழம் தள்ளி. இஸ்திரிக்கார அண்ணன், பாவம், ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா கால் மணி நேரம் கழித்து வந்தார். குழுக் கடன் தவணை கட்ட மெயின் ரோடு வரை போனாராம். "பத்து நிமிஷம்தான்மா." எனக்குக் கை நடுங்கியது. நாளையிலிருந்து வர வேண்டாம், நாளன்றைக்கு வந்து கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சரி, என்ன கொடுப்பது? சம்பளம் 14,000. இந்த மாதம் 11 நாள் வந்திருக்கிறார். அட்வான்ஸ் 6,000 பாக்கி. கணவர் 11 நாளை 30-ஆல் வகுத்து, அட்வான்ஸையும் கழித்தால் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார். அப்படிக் கழித்தால் அக்காதான் நமக்கு 867 ரூபாய் தர வேண்டும் என்று வருகிறது! இத்தனைக்கும் லீவுக்குப் பிடித்தபோதெல்லாம், ஞாயிறு போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்று 26-ஆல் வகுத்துத்தான் பிடித்தோம்.

சட்டப்படி, தொழிற்சாலையில் ஒரு வருடம் தாண்டிய தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்தச் சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். வீட்டு வேலைக்கு அது பொருந்தாது, தப்பு செய்து நீக்கப்பட்டவருக்கும் பொருந்தாது. கணவர் இரண்டையும் சுட்டிக்காட்டினார். எனக்கு உறுத்தியது வேறு. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட, "இனி சொல்லாமல் நின்றால் வேலை கிடையாது" என்று நான் சொன்னதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். முதல் எச்சரிக்கையும் வேலை நீக்கமும் ஒரே நாளில் வந்தன. அதனால் நோட்டீஸ் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். முடித்த ஒரு வருடத்துக்கு 15 நாளும் இந்த மாதம் வந்த 11 நாளும் 26-ஆல் வகுத்துச் சேர்த்தால் சரியாக இன்னொரு மாதச் சம்பளம். நோட்டீஸ் சம்பளத்தோடு ஆக 28,000. அட்வான்ஸ் கடன்தான், அதைக் கழித்தேன். 22,000.

அக்கா வந்தார், எண்ணிப் பார்த்தார், பர்ஸில் மடித்து வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "தீபாவளிக்கு ஒரு வாரந்தானேம்மா இருக்கு?" என்றார்.

அதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. போன வருடம் அரை மாதச் சம்பளம் கொடுத்திருந்தோம். அதையே ஜிபேயில் அனுப்பினேன். உள்ளேயிருந்து கணவர், "இதுவும் அந்தச் சட்டத்துல இருக்கா?" என்றார்.