600 சிசி பைக்குக்கு 650 கிளாஸ்: எல் மிராஜில் ஓடுவதற்கு முன் ரூல் புக்கோடு பட்ட பாடு

லேண்ட் ஸ்பீடு ரேஸிங்கில் பக்கத்தில் யாரும் ஓடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வண்டி, நேர்க்கோட்டில், எவ்வளவு வேகம் போகிறதோ அவ்வளவுதான். உங்கள் போட்டி ஓர் எண்ணோடு. உங்கள் வண்டி எந்த கிளாஸோ, அந்த கிளாஸில் ஏற்கெனவே யாரோ வைத்துவிட்டுப் போன சாதனை வேகம்தான் அந்த எண். கிளாஸ் மாறினால் எண்ணும் மாறிவிடும். அதனால் பதிவுப் படிவத்தில் 'கிளாஸ்' என்றிருந்த சின்னக் கட்டத்தை நிரப்பத்தான் எங்களுக்கு என்ஜின் வேலையை விட அதிக நேரம் பிடித்தது.

வண்டி நான்கு சிலிண்டர் ஜப்பானிய 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக். டிராக்கில் ஓடிப் பழகியது. விளக்கு, கண்ணாடி எதுவும் கிடையாது, பிளாஸ்டிக் எல்லாம் ரேஸ் பாடி. ஓட்டுவது நண்பன், காகித வேலையும் ஸ்பானர் வேலையும் என்னுடையவை. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள எல் மிராஜ் வறண்ட ஏரிதான் இலக்கு. அங்கே பந்தயம் நடத்துவது சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன், சுருக்கமாக எஸ்சிடிஏ. 1930-களின் இறுதியில் தொடங்கிய அமைப்பு. யூட்டாவில் பான்வில் உப்புத் திடலில் 1949 முதல் நடக்கும் ஸ்பீடு வீக்கும் இவர்களுடையதுதான். இரண்டுக்கும் ஒரே ரூல் புக்.

புத்தகத்தைத் திறந்ததும் நண்பன் கேட்ட முதல் கேள்வி: "டேய், நம்ம வண்டி 600. இதில் 500 இருக்கு, 650 இருக்கு. 600 எங்கடா?"

600 கிடையாது. பைக்குகளுக்கு 50-இல் தொடங்கி 3000 வரை படிகள். நடுவில் 350, 500, 650, 750, 1000 என்று போகும். அந்த எண் உச்ச வரம்பு. 500-ஐத் தாண்டிய எதுவும் 650-இல் வந்து விழும். எங்கள் என்ஜினுக்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 67 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 42.5. போரின் வர்க்கத்தை 0.7854-ஆல் பெருக்கி, அதை ஸ்ட்ரோக்கால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, கன மில்லிமீட்டரை சிசியாக்க 1000-ஆல் வகுத்தால் 599 சிசி சொச்சம் வருகிறது. அதே 67 போரில் 45.1 ஸ்ட்ரோக் வைத்துக் கவாஸாகி விற்ற 636 சிசி வண்டியும் இதே 650 கிளாஸ்தான். அதாவது கிட்டத்தட்ட 50 சிசி இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நாங்கள் ஓடப்போகிறோம். 70 போர், 48.7 ஸ்ட்ரோக் உள்ள சுஸுகி 750-ஐப் பாருங்கள்: 749.7 சிசி, கிளாஸின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் போர் பெரிதாக்கினாலும் அடுத்த படிக்கு, 1000-க்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு வண்டிக்கு வரமாக இருக்கும் வேலை இன்னொன்றுக்கு வினையாகிவிடும்.

பான்வில்லில் ஓடிய நியூசிலாந்துக்காரர் பர்ட் மன்ரோவின் இண்டியன் ஸ்கவுட் பைக் இதற்கு நல்ல சாட்சி. 1920-இல் 600 சிசியாகப் பிறந்த என்ஜின். 1962-இல் அது ஓடியது அன்றைய 883 சிசி கிளாஸில். மனிதர் என்ஜினை வளர்த்துக்கொண்டே போனதில், 1967-இல் 1000 சிசி கிளாஸில் வந்து நின்றது. அந்த ஆண்டின் சாதனை மணிக்கு 183.586 மைல் என்று பல காலம் இருந்தது. கணக்கில் பிழை இருந்ததைக் கண்டுபிடித்து 2014-இல் 184.087 என்று திருத்தினார்கள். 1962-இலும் 1967-இலும் அதே வண்டிதான். அது மோதிய எண்கள் மட்டும் வேறு வேறு.

சிசி முடிந்தது, அப்புறம் எழுத்துகள். பைக்கின் கிளாஸ் பெயருக்கு மூன்று பகுதி உண்டு: சிசி, ஃபிரேம், என்ஜின். ஃபிரேமில் பி (P) என்றால் கடையில் விற்ற மாதிரியே இருக்கும் வண்டி. எம் என்றால் கம்பெனி ஃபிரேமில் மாற்றங்கள் செய்தது, ஆனால் காற்றைக் கிழிக்கும் வெளி உறையான ஃபேரிங் கூடாது. எம்பிஎஸ் என்றால் அதே வண்டி, ஓரளவு ஃபேரிங்கோடு. ஏ என்றால் ஃபிரேமே சொந்தமாகச் செய்தது. முழுக்க மூடிய ஸ்ட்ரீம்லைனர்கள் தனி. ரேஸ் பாடி போட்ட எங்கள் வண்டிக்குப் பி வழியில்லை. ஃபேரிங் இருப்பதால் எம் இல்லை. மிச்சம் எம்பிஎஸ்.

என்ஜின் பகுதியில் ஜி என்றால் பெட்ரோல், எஃப் என்றால் வேறு எரிபொருள், முன்னால் பி (இது B) வந்தால் காற்றை அழுத்தி ஊதும் டர்போவோ சூப்பர்சார்ஜரோ உண்டு என்று பொருள். வால்வுகளைக் கம்பியால் தள்ளித் திறக்கும் பழைய பாணி புஷ்ராடு என்ஜின்களுக்குத் தனி வரிசை. பழைய டிரையம்ஃப் பைக்கோடு எங்கள் வண்டியை மோத விடமாட்டார்கள், நியாயம்தான். நைட்ரஸ் ஆக்சைடு போட்டால், டாங்கில் சுத்தப் பெட்ரோலே இருந்தாலும், எஃப்-க்குப் போக வேண்டும். நாங்கள் எழுதியது: 650 எம்பிஎஸ்-ஜி.

எழுதிவிட்டோம், ஆனால் அது முடிவில்லை. எம்பிஎஸ்-இல் ஒரு விதி: ஓட்டுபவர் படுத்த நிலையில் இருக்கும்போது, கைகளைத் தவிர உடல் பக்கவாட்டில் இருந்து தெரிய வேண்டும். படிக்க எளிது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நண்பனை லெதர் சூட், ஹெல்மெட்டோடு படுக்க வைத்து, தூரத்தில் தரையோடு உட்கார்ந்து போட்டோ எடுத்தேன். பக்கத் தகட்டின் பின் விளிம்பு முழங்காலில் பாதியை மறைத்தது. அவன் காலைப் பின்னால் இழுத்தால் தெரிகிறது. ஆனால் அப்படி யாரும் அவ்வளவு தூரம் ஓட்ட மாட்டார்கள். மறைக்கும் இடத்தில் டேப் ஒட்டிக் கோடு போட்டு, அதுவரை ஃபைபரை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, மறுபடி போட்டோ. வலது பக்கத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவனுடைய வலது முழங்கால் கொஞ்சம் வேறு இடத்தில் நிற்கிறது!

இந்தப் புத்தகத்தைப் படிக்கிற முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பொருளுக்கான விதி ஒரே இடத்தில் இருக்காது. பொது விதி ஓரிடத்தில், பாதுகாப்பு விதி வேறிடத்தில், கிளாஸ் விதி இன்னோரிடத்தில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் முழு வாக்கியம் கிடைக்கும். 'கூடாது என்று போடவில்லையே, அப்போ கூடும்' என்று வாதாடுவது எனக்குப் பிடிக்காது. இங்கே அது எடுபடவும் எடுபடாது. சந்தேகம் வந்தால் விதி எண்ணைக் குறிப்பிட்டு, போட்டோ இணைத்து, முன்கூட்டியே கேட்டுவிடுவதே நல்லது. ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வருகிறது, அதனால் நண்பர் தந்த பழைய புத்தகத்தை நம்பி ஃபைபர் வெட்ட வேண்டாம்.

இன்னொன்று, ரூல் புக் எந்த அமைப்புடையது என்பதையும் பாருங்கள். எஸ்சிடிஏ-வின் பான்வில் சாதனைக்கு, ஏற்கெனவே இருக்கும் சாதனை வேகத்தைத் தாண்டி ஓடி, வண்டியை இம்பவுண்ட் என்ற காவல் இடத்தில் விட்டு, மறுநாள் காலை அதே திசையில் மீண்டும் ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. கார்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ-வில் எதிரெதிர்த் திசைகளில், ஒரு மணி நேரத்துக்குள். எல் மிராஜில் ஒரே ஓட்டம் போதும். எந்த முறையில் ஓடியது என்று தெரியாமல் சாதனைப் பட்டியல்களை ஒப்பிட்டுக் குழம்பக் கூடாது.

பந்தய நாளில் எங்களுக்கு இடப்பக்கம் லேக்ஸ்டர் என்ற வகைக் கார் ஒன்று நின்றது. விமானத்தின் துளி வடிவ எரிபொருள் டாங்கைக் காராக்கும் பழக்கத்தை 1946-இல் பில் பர்க் தொடங்கிவைத்தார், அந்த வம்சம். லேக்ஸ்டரில் நான்கு சக்கரமும் வெளியே தெரிய வேண்டும். சக்கரங்களை மூடினால் அது ஸ்ட்ரீம்லைனர், மோத வேண்டிய எண் வேறு. கார்க்காரர்களுக்கும் எங்கள் முழங்கால் கவலைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

சோதனையில் கிளாஸை விடப் பாதுகாப்பைத்தான் முதலில் பார்த்தார்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டில் பாதுகாப்புக் கம்பி, சக்கர வால்வுகளுக்கு உலோக மூடி, ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர், ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை அணைக்கும் கயிறு, டயரின் வேக மதிப்பு. சோதகர் ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிட்டுக் கையை எடுத்தார். அது தானாகவே டக்கென்று திரும்பியது. அப்புறம் நண்பனைப் படுக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் தாளில் டிக் போட்டார். ஜி கிளாஸ் என்பதால் பெட்ரோல் அங்கே விற்பதைத்தான் வாங்க வேண்டும்; ஊற்றியதும் டாங்க் மூடிக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். வெறும் டாங்கோடு வருவது உத்தமம்.

பாதை 1.3 மைல். கடைசி 132 அடியில்தான் வேகத்தை அளக்கிறார்கள். மணிக்கு 150 மைலில் போனால் அதைக் கடக்க 0.6 விநாடி. நாங்கள் சாதனைக்குக் கீழேதான் நின்றோம், அதுவும் கிட்டே இல்லை. தாண்டியிருந்தால் என்ஜினைத் திறந்து போர், ஸ்ட்ரோக் அளக்கக் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சிரமம் மிச்சம் என்று நண்பன் சொன்னான்.

அடுத்த பந்தயத்துக்கு அதே வண்டியை ஃபேரிங் இல்லாமல் 650 எம்-ஜி-யில் பதிவு செய்வதாக முடிவு. காற்று கூடுதலாகத் தடுக்கும், வேகம் குறையும், ஆனால் அங்கே மோத வேண்டிய எண்ணும் வேறு. இருக்கைக்குப் பின்னால் எழும்பி நிற்கும் வால் பகுதியை எம் கிளாஸில் ஏற்பார்களா என்று விதி எண்ணோடு கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை ரம்பத்தைத் தொடாதே என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.