மினி சீட்டா வகை மோட்டார்கள்: பவர் போட்ட பிறகு பட்ட பாடு

மினி சீட்டா, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான சின்ன நாலுகால் ரோபோ. அதன் மோட்டாரைப் பற்றி அங்கே பென் காட்ஸ் 2018-இல் எழுதிய ஆய்வேட்டின் வழியில் செய்த மோட்டார்கள் இப்போது ரெடிமேடாகவே கிடைக்கின்றன. வயதானவர்களுக்குத் துணையாக வீட்டில் விட நாங்கள் செய்யும் நாலுகால் ரோபோவுக்கு, காலுக்கு மூன்றாக 12 வேண்டும். ஆர்டர், கஸ்டம்ஸ், கால் மாட்டுவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. உயிரை வாங்கியது அதற்குப் பிறகுதான்.

முதலில் கேன் பஸ், அதாவது கம்ப்யூட்டரும் மோட்டார்களும் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர் லைன். மோட்டார்கள் பதில் தந்தால் தரும், இல்லாவிட்டால் இல்லை. விற்றவரிடம் கேட்டால் "வீடியோ அனுப்புங்க" என்றார். அனுப்பியதும் மேனுவல் வந்தது, பெட்டியில் இருந்த அதே மேனுவல்! பவரை அணைத்து, அந்த லைனின் ஹை, லோ ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் வர வேண்டும், வந்தது 30. ஒரு காலின் மோட்டார்களை ஓட்டும் மூன்று டிரைவர் போர்டிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர், போதாததற்குக் கம்ப்யூட்டர் பக்கமும் ஒன்று. லைனின் இரு முனைகளில் மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்ததும் சரியானது. செலவை மிச்சம் பிடிக்க 12 மோட்டாரையும் ஒரே பஸ்ஸில் கோக்காதீர்கள். 1 மெகாபிட் வேகத்தில், நொடிக்கு 1000 தடவை கட்டளையும் பதிலும் போய்வர மூன்று மோட்டார்தான் தாங்கும். காலுக்கொரு பஸ்.

மேனுவல் மூச்சே விடாத சங்கதி வேறொன்று. கோணத்தை அளக்கும் என்கோடர், மோட்டாருக்குள் சுற்றும் ரோட்டரில் இருக்கிறது, கியர் 6:1. ரோட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கால் 60 டிகிரிதான் நகரும். பவர் போடும்போது எந்தச் சுற்றில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. ஜீரோ வைத்த இடத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் கால் தள்ளியிருந்தால் கணக்கு 60 டிகிரி பிசகிவிடும். மோட்டார் மோடு (கட்டளைப்படி மோட்டார் விசை கொடுக்கும் நிலை) போட்டதும் முழங்கால் படாரென்று உதைக்கும். உச்சத்தில் 17 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. வயதானவர்களுக்குத் துணையாக வீட்டில் விடப்போகும் எந்திரம் இப்படி உதைத்தால் என்னாவது?

வயிற்றுக்கடியில் ஒரு ஸ்டாண்ட் வைத்து, கால்களை எப்போதும் ஒரே மடிப்பில் நிறுத்திவிட்டுப் பவர் போடுங்கள். பிறகு ஒவ்வொரு மோட்டாருக்கும் கேன் பஸ்ஸில் எட்டு பைட் கட்டளையாக, ஏழு பைட் எஃப்எஃப் (FF), கடைசி பைட் எஃப்டி (FD) என அனுப்பினால், மோட்டார் மோடுக்குள் போகாமலேயே கோணம் பதிலாக வரும். பன்னிரண்டும் சரியாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

என்கோடர் காட்டும் கோணத்தை மோட்டார் சுருளோடு பொருத்தும் காலிப்ரேஷனைக் கால் மாட்டும் முன்பே முடித்துவிடுங்கள். சுமையோடு செய்தால் அந்தப் பொருத்தக் கணக்கு (ஆஃப்செட்) பிசகி, மோட்டார் சூடாகும், இழுவையும் இருக்காது. மேஜையில் வைக்கும் பெஞ்ச் பவர் சப்ளை, ரோபோவை நிற்க வைக்க மட்டும்தான்; குதிக்க வைத்தால் கால் இறங்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தில் அது ட்ரிப் ஆகும். குதிக்க வைக்க, ஆறு செல்களைத் தொடராகக் கோத்த 6எஸ் பேட்டரிதான் சரி.