ஒரே மாத்திரைக்கு ரெண்டு பதில்

ஜோஆன் மேன்சன் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. பாஸ்டன்ல பிரிகாம் ஆஸ்பத்திரியிலயும் ஹார்வர்டுலயும் இருக்கிற எண்டோகிரைன் டாக்டர், அதாவது ஹார்மோன் டாக்டர், ஆனா பேர் வாங்கினது எபிடெமியாலஜிலதான், நிறைய பேரை வச்சு வியாதி யாருக்கு ஏன் வருதுன்னு பாக்குற துறை அது. பொம்பளைங்களுக்கு ஹார்ட் ப்ராப்ளம், சுகர், கேன்சர் இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே தடுக்க முடியுமான்னு பாக்குறதே அவங்களுக்கு வாழ்நாள் வேலையாப் போச்சு.

அவங்க வேலை பாத்த நர்சஸ் ஹெல்த் ஸ்டடி 1976ல ஆரம்பிச்சது. 1,21,700 நர்ஸுங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தபால்ல கேள்வித்தாள் வரும், நிரப்பி அனுப்பணும். நர்ஸுங்கங்கிறதால பிபி, வியாதி பேரெல்லாம் ஒழுங்கா எழுதுவாங்க. 80கள்ல கால் நகத்தை வெட்டி அனுப்புங்கன்னு கேட்டிருக்காங்க, 60 ஆயிரம் பேருக்கு மேல அனுப்பியும் வச்சிருக்காங்க! நகம் மெதுவா வளருதுல்ல, உடம்புல செலினியம்ங்கிற தாது எவ்ளோ இருந்துச்சுன்னு அதுல தெரிஞ்சுடும். வேகமா நடந்தாலே ஹார்ட் அட்டாக் ரிஸ்க் நல்லா குறையுதுன்னு மேன்சன் 1999ல எழுதினதும் இந்த நர்ஸுங்களை வச்சுத்தான்.

இதே ஸ்டடியிலதான் மெனோபாஸுக்கு, அதாவது மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் ஹார்மோன் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு ஹார்ட் வியாதி கிட்டத்தட்ட பாதிதான்னும் வந்துச்சு. ஆனா மாத்திரை எடுக்கிறவங்க யாரு? பொதுவா கொஞ்சம் வசதியானவங்க, உடம்பைப் பாத்துக்கிறவங்க, ரெகுலரா டாக்டர்கிட்ட போறவங்க. அப்ப காப்பாத்தினது மாத்திரையா அந்தப் பழக்கமான்னு எப்படிச் சொல்றது?

அதுக்குத்தான் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ட்ரையல், மேன்சன் அதுலயும் முக்கியமான ஆள். ஈஸ்ட்ரோஜன் புரோஜெஸ்டின்னு ரெண்டு ஹார்மோனும் சேந்த மாத்திரைக்கு 16,608 பேர், யாருக்கு நிஜ மாத்திரை யாருக்கு டம்மின்னு குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. 2002 ஜூலைல பாதியிலயே நிறுத்த வேண்டியதாயிடுச்சு. ஹார்ட் வியாதி குறையல, கூடத்தான் செஞ்சுது, மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் ஜாஸ்தி.

26னு கேட்டா யாருக்குத்தான் பயம் வராது, ஆனா அதே கணக்கை வேற மாதிரி சொன்னா வருஷத்துக்கு 10,000 பேர்ல 8 பேருக்கு கூடுதலா வருது, அதே நேரத்துல இடுப்பு எலும்பு முறிவு 5 குறையுது, பெருங்குடல் புற்றுநோய் 6 குறையுது. ரெண்டும் உண்மை, தலைப்புல வர்றது எதுன்னு உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு, ட்ரையல்ல சேரும்போது அவங்க சராசரி வயசு 63. ஐம்பது வயசுல ராத்திரியெல்லாம் வேர்த்து தூக்கம் வராம தவிக்கிறவங்களும் அந்த ரிசல்ட்டைக் கேட்டு மாத்திரையை விட்டாங்க, டாக்டருங்களும் எழுதிக் கொடுக்கப் பயந்தாங்க. இந்த ரிசல்ட்டை சின்ன வயசுக்காரங்களுக்கு அப்படியே பொருத்தாதீங்கன்னு மேன்சனே 2016ல எழுத வேண்டி வந்துச்சு. இந்த இடத்துலதான் எனக்கு அவங்க மேல மரியாதை கூடிச்சு, தன்னோட ட்ரையலைத் தப்பா எடுத்துக்கிட்டவங்களையே திருத்துறாங்க பாருங்க.

அப்புறம் வைட்டமின் டி, மீன் எண்ணெய் ட்ரையல். 25,871 பேர், இதுல ஆம்பளைங்களும் உண்டு. 2018ல ரிசல்ட்: கேன்சரும் குறையல, ஹார்ட் அட்டாக் பக்கவாதம் எல்லாம் சேத்துப் பாத்தா அதுவும் குறையல. மீன் எண்ணெய்ல ஹார்ட் அட்டாக்கை மட்டும் தனியாப் பிரிச்சா குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது, ஆனா ட்ரையல் முதல்ல கேட்ட கேள்வி அது இல்லையே, அதனால அதை வச்சு உடனே டப்பா வாங்கக் கிளம்பாதீங்க.