எச்டி 800 எஸ் ஹெட்போனுக்கு ஈக்வலைசர்: செய்து பார்த்த அனுபவம்

சென்ஹைசர் எச்டி 800 எஸ் வாங்கும்போதே, இதை ஈக்வலைசரோடுதான், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மென்பொருளோடுதான், கேட்கப்போகிறோம் என்ற முடிவோடு வாங்கினேன். நண்பர்கள் சிலருக்கு இது புரியவில்லை. இத்தனை விலை கொடுத்த பிறகும் ஒலியைத் திருத்த வேண்டுமா என்று கேட்டார்கள். என் கணக்கு வேறு. காதைச் சுற்றி இவ்வளவு இடம், முன்பக்கமாகச் சாய்த்து வைத்த 56 மில்லிமீட்டர் வளைய வடிவச் சவ்வு, பின்பக்கம் திறந்த அமைப்பு, இவையெல்லாம் சேர்ந்துதான் கச்சேரி மேடையை அகலமாக விரித்துக் காட்டுகின்றன. எந்த மென்பொருளும் இதை இன்னொரு ஹெட்போனுக்குக் கொடுத்துவிடாது. எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்பதை மட்டும் மென்பொருள் தாராளமாக மாற்றும். அதனால் மாற்ற முடியாததற்குப் பணம் கொடுத்தேன். மாற்ற முடிந்ததை நானே மாற்றிக்கொள்கிறேன்.

இந்த ஹெட்போனின் குணம் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2009-ல் வந்த எச்டி 800-ல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேவைக்கு மேல் எகிறும் ஒரு மேடு இருந்தது. 2016-ல் எச்டி 800 எஸ் வந்தபோது, அந்த அதிர்வை உறிஞ்சும் அமைப்பு ஒன்றை உள்ளே வைத்து மேட்டைத் தணித்தார்கள். தணிந்ததே தவிர முழுதாகப் போகவில்லை. கர்நாடக இசை கேட்பவருக்கு இது சீக்கிரம் பிடிபடும். பாடகியின் ‘ஸ’, ‘ச’ ஒலிகள் கூராக வந்து குத்தும். வயலினில் வில் தந்தியை உரசும் சத்தம் ஸ்வரத்தை முந்திக்கொண்டு வரும். கீழ்ப்பக்கமோ 100 ஹெர்ட்ஸைத் தாண்டி இறங்க இறங்க ஒலி மெலிந்துபோகும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை ஒட்டுவதே அந்தக் கனமான ‘தொம்’முக்காகத்தான். அந்தக் கனம் இதில் போதவில்லை.

கருவிகளுக்குச் செலவே இல்லை. விண்டோஸ் மடிக்கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ, அதை எளிதாகக் கையாள பீஸ் என்ற மேல்முகப்பு. இரண்டும் இலவசம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பாட்டுப் போடும் செயலி விண்டோஸின் ஒலிக்கலவையைத் தாண்டி நேரடியாக ஒலியை அனுப்பும் எக்ஸ்க்ளூசிவ் முறையிலோ ஆசியோ வழியாகவோ ஓடினால் ஏபிஓ வேலை செய்யாது. அப்போது என்ன மாற்றினாலும் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பழைய டேப் ரெக்கார்டரில் இருந்த வரிசைக் குமிழ்களைவிட பாராமெட்ரிக் ஈக்வலைசர் எவ்வளவோ மேல். எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல் கூட்டல் குறைத்தல், எவ்வளவு அகலம் என்று மூன்றையும் நாமே தீர்மானிக்கலாம். அகலத்தைக் குறிப்பது க்யூ. இப்படி அமைக்கும் ஒவ்வொரு திருத்தமும் ஒரு ஃபில்டர். க்யூ கூடினால் ஃபில்டர் குறுகும்.

தொடக்கத்துக்கு யாக்கோ பசனன் உருவாக்கிய ஆட்டோஈக்யூ திட்டத்திலிருந்து இந்த மாடலுக்கான பத்து ஃபில்டர்களை அப்படியே போட்டேன். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர் பலரைக் கேட்க வைத்து, பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலிச் சமநிலையை ஒரு கோடாக வரைந்தார்கள். ஹெட்போனை அந்தக் கோட்டுக்கு இழுத்து வருவதுதான் இந்த ஃபில்டர்களின் வேலை. போட்டவுடன் தொப்பி எழுந்தது, குரலின் கூர் மழுங்கியது. ஆனால் மேடையும் சுருங்கியது. பாடகர் ஓரடி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த ஹெட்போனை எதற்காக வாங்கினேனோ அதுவே குறைகிறதென்றால் அந்தத் திருத்தம் எனக்கு வேண்டாம். ஒவ்வொரு ஃபில்டராக அணைத்துக் கேட்டேன். பல ஃபில்டர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் நான்கு மிஞ்சின. அவற்றின் அளவுகளையும் காதை வைத்துத் திருத்திக்கொண்டேன்.

அளவுகளுக்கு முன் சத்தத்தைச் சமன் செய்வது பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் இதில் கறாராக இருக்கிறேன். இரண்டு அமைப்புகளில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தால் போதும், அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். பேஸைக் (தாழ்ந்த ஒலிகளை) கூட்டினால், ஒலி எல்லை மீறிச் சிதையும் கிளிப்பிங் வராமல் இருக்க ப்ரீஆம்பை, அதாவது மொத்தச் சத்தத்தின் அளவை, குறைத்தாக வேண்டும். அப்படிக் குறைத்ததும் ஈக்வலைசர் இல்லாத ஒலி சத்தமாகி, நியாயமில்லாமல் ஜெயிக்கும். அதனால் ஃபில்டர் எதுவும் இல்லாத, ப்ரீஆம்ப் மட்டும் குறைத்த இன்னொரு அமைப்பையும் சேமித்தேன். குரல் இரண்டிலும் ஒரே சத்தத்தில் கேட்கும்வரை அரை அரை டெசிபலாக நகர்த்தி, பீஸில் ஆளுக்கொரு விசைப்பலகைக் குறுக்குவழி கொடுத்தேன். பாட்டு ஓடும்போதே மாற்றிக் கேட்கலாம். இதைச் செய்யாமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து.

முதல் ஃபில்டர் லோ ஷெல்ஃப், அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்துவது: 90 ஹெர்ட்ஸ், 5 டெசிபல் கூட்டல், க்யூ 0.7. ஷெல்ஃபை 100-க்கு மேல் வைத்தால் ஆண் குரலின் அடிப்பகுதியும் தடித்துவிடுகிறது, அதனால்தான் 90. 8 டெசிபல்வரை ஏற்றியும் பார்த்தேன். திரைப் பின்னணி இசையைச் சத்தமாக வைத்தபோது பேஸ் கரகரத்தது. 6 டெசிபல் கூட்டினாலே அந்த அதிர்வெண்ணில் சவ்வு இரண்டு மடங்கு தூரம் அசைய வேண்டும். பின்பக்கம் திறந்த டைனமிக் ஹெட்போனிடம் இதற்கு மேல் கேட்கக் கூடாது.

இரண்டாவது, 1.8 கிலோஹெர்ட்ஸில் 1.5 டெசிபல் கூட்டல், க்யூ 1. இந்தப் பகுதியில் இருக்கும் சின்னப் பள்ளம்தான் மேடையைத் தள்ளிவைக்கிறது என்பது என் கணிப்பு. முழுதாக நிரப்பினால் அகலம் போகிறது. கொஞ்சமாக நிரப்பினால் குரலில் சொற்கள் தெளிகின்றன, அகலமும் நிற்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. 5.8 கிலோஹெர்ட்ஸில் 3.5 டெசிபல் குறைத்தல், க்யூ 3. ஒரே ஒரு ஃபில்டர்தான் அனுமதி என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். வயலின் நாதம் வில்லின் உரசலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. நீண்ட கச்சேரி முழுக்கக் கேட்டாலும் காது களைப்பதில்லை. உற்சாகத்தில் 6 டெசிபல் குறைத்துக் கேட்டபோது நாதஸ்வரம் எச்சரித்தது: சீவாளியிலிருந்து கிளம்பும் வீரியம் அடங்கி, வாத்தியம் துணிக்குப் பின்னால் ஒலிப்பதுபோல் ஆகிவிட்டது. மல்லாரி கேட்டுப் பழகியவருக்கு அது பொறுக்காது. 3.5-க்குத் திரும்பினேன்.

நான்காவதை எந்த வரைபடத்திலிருந்தும் எடுக்க முடியாது. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காதுமடலின் வடிவமும் செவிக்குழாயின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், செயற்கைக் காதில் அளந்தது நம் காதுக்குப் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. அதனால் ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட சைன் அலையை 7-லிருந்து 12 கிலோஹெர்ட்ஸ்வரை மிகக் குறைந்த சத்தத்தில் மெதுவாக ஏற்றிக் கேட்டேன். எனக்கு 9.4 அருகே திடீரென்று எகிறியது. அங்கே 2 டெசிபல் குறைத்தேன், க்யூ 4. ஜால்ரா சத்தம் இப்போது தனியாகத் தெறிக்காமல் பஜனையோடு சேர்ந்து கேட்கிறது. ஹெட்போனைச் சற்று முன்னே பின்னே நகர்த்தினாலே இந்த மேடு இடம் மாறும் என்பதால் இதை ஆழமாக வெட்டவில்லை. என் 9.4 உங்களுக்கு உதவாது, நீங்கள்தான் தேட வேண்டும்.

ப்ரீஆம்ப் மைனஸ் 5.5. இதோடு பெரும்பாலான பதிவுகளுக்குத் திருப்தி. பழைய வானொலிக் கச்சேரிப் பதிவுகளுக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. அவற்றில் மேல் அதிர்வெண்கள் ஏற்கெனவே குறைவு, அதை மேலும் வெட்டினால் குரலின் உயிரே போய்விடுகிறது. அந்த ஹெட்போன் மேடு அங்கே உதவியாகவே இருக்கிறது. அவற்றுக்காகக் கடைசி இரண்டு ஃபில்டர்களும் இல்லாத தனி அமைப்பு வைத்திருக்கிறேன். இரவில் சத்தம் குறைத்துக் கேட்க மூன்றாவது அமைப்பு உண்டு. சத்தம் குறையும்போது காதுக்கு பேஸ் இன்னும் குறைவாகக் கேட்கும் என்பதை ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதில் ஷெல்ஃப் 7 டெசிபல். சத்தம் குறைவு என்பதால் கரகரப்பும் வருவதில்லை.

அடுத்து இரண்டு வேலைகள். காது மெத்தை அமுங்கினால் காதுக்கும் சவ்வுக்கும் உள்ள தூரம் மாறி ஒலியும் மாறும், அதனால் மெத்தை மாற்றியதும் எல்லா அளவுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம், என் இடது காதில் அந்த 9.4 மேடு வலது காதைவிடச் சற்று மேலே இருப்பதாகத் தெரிகிறது. ஏபிஓவில் இரண்டு காதுக்கும் தனித்தனியே ஃபில்டர் போட முடியும். அதைத்தான் இப்போது செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.